எங்கள் வீட்டில் எடுத்த சாமி படம்

ஜூன் 4, திங்கள்

காலையில் தூறல். குடை எடுக்கவில்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட். கம்பெனி பஸ் வழக்கம்போல லேட்.

பாகலூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துச் சுவரில் புதுப் போஸ்டர். காலைக் காட்சிப் படம், பெரிய ‘ஏ’. சிவப்புப் புடவை, விரித்த தலை, உதட்டோரம் இரண்டு கோரைப்பல். மடியில் சட்டையில்லாத ஒருவன் கழுத்தைக் காட்டிக்கொண்டு மயங்கிக் கிடக்கிறான். ரத்தக்காட்டேரிப் படம். இந்த மாதிரிப் போஸ்டரை நின்று பார்க்கிற ஆள் இல்லை நான். ஆனால் அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டேன். பச்சை ஜன்னல். கீழ்ச் சட்டம் உடைந்து சைக்கிள் டியூபால் கட்டியிருக்கிறது. கட்டியது நான்.

எங்கள் வீட்டு மாடி அறை.

பஸ்ஸில் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

நடந்ததை எழுதிவைக்கிறேன். தை மாதம் பெங்களூரிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து வீட்டைக் கேட்டார்கள். கன்னடப் படம். என்ன படம் என்று நைனா கேட்கவில்லை. முதல் நாள் பூசணிக்காய் உடைத்தார்கள், கற்பூரம் ஏற்றினார்கள். அப்புறம் கார் கதவு திறந்து, போஸ்டரில் இருக்கிற அந்த அம்மாள் சிவப்புப் புடவையும் கோரைப்பல்லுமாக இறங்கினாள். காளி என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். அம்மா ஓடிப்போய் ஆரத்தி எடுத்துக் காலில் விழுந்துவிட்டாள். “எம் பொண்ணுக்கு நல்ல எடமா அமையணும் தாயே.” அந்த அம்மாள் பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஆசீர்வாதம் செய்தாள். அத்தனை நாளும் நாங்கள் சித்தப்பா வீட்டில். மாடியில் என்ன எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து நைனா எதிரே வருகிறவர்களிடமெல்லாம், “நம்ம ஊட்ல சாமி படம் எடுத்தாங்க.” அதைக் கேட்டவர்களில் பி.-யின் அப்பாவும் ஒருவர். (பி. என்றால் எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை. இந்த நோட்டை அம்மா திறந்து பார்க்கிறாள் என்று சந்தேகம். முதலெழுத்து போதும்.) போன மாதம் பெண் பார்த்தது ஓசூர் மலைக்கோயிலில். அங்கே நின்றுகொண்டு நைனா சொல்கிறார்: “தமிழ்லயும் வருதாம் சம்பந்தி. வந்தா குடும்பத்தோட போய்ப் பாருங்க.” பி.-யின் அப்பா ஓசூரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். வருஷா வருஷம் சபரிமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் குருசாமி. பக்தியாகத் தலையாட்டினார்.

ஞாயிறு பூ வைக்க வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு. முதல் தடவையாக.

ஜூன் 5, செவ்வாய்

மழை இல்லை. காற்று. கேண்டீனில் எலுமிச்சை சாதம், ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

மெஷின் ஆபரேட்டர் சேகர் படம் பார்த்துவிட்டான். கலா என் பக்கத்து டேபிளில் இன்ஸ்பெக்‌ஷன் பார்ப்பவள், திருநெல்வேலிக்காரி, எதையும் நேராகக் கேட்பாள். “ஏல, படம் எப்டி இருக்கு?” நான் தட்டைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் நீட்டினேன். வந்த விமர்சனங்கள்:

சேகர்: “ரத்தம்னு ரோஸ்மில்க்க ஊத்திக்கினு இருக்கான். ஈ மொய்க்குது.”

அவன் நண்பன், பெயிண்ட் ஷாப்: “என்னமோ இருக்குன்னு போனேன். கழுத்தக் கடிக்கறா, கடிக்கறா, கடிச்சிக்கினே இருக்கா. கொசுக்கடிக்கு டிக்கெட்டு வாங்கினு போன மாதிரி.”

மறுபடி சேகர்: “பகல்ல எடுத்துட்டு நீலக் கண்ணாடி போட்டு ராத்திரிங்கறான். பின்னாடி காக்கா கத்துது.”

மறுபடி நண்பன்: “டப்பிங் வேற. அவ வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே அய்யோன்னு சத்தம் வருது.”

கேட் செக்யூரிட்டி அண்ணன், வயதானவர், கையைக் கழுவ வந்தவர் நின்று சொன்னார்: “அந்தப் பொண்ணு பாவம்பா. பசிக்குது, கடிக்குது. நாம மூணு வேள தின்னல?” எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு சேகர், எனக்குச் சோறு இறங்காதபடி: “பங்களான்னு சொல்லிட்டு தக்காளி கிரேட்ட அடுக்கி வச்சிக்கினு இருக்கான். கிரேட்டு மேல இனிஷியல் வேற. கே.எம்.னு.”

கே.எம். நைனாவின் இனிஷியல். மார்க்கெட்டுக்குப் போகிற கிரேட் வேறு ஆள் வண்டியில் போய்விடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் அவரே எழுதுவார். பெரிதாக எழுதுவார். கண் சரியில்லாதவனும் படிக்க வேண்டும் என்பார்.

கலா என் முகத்தைப் பார்த்தாள். “என்னட்டி, ஒனக்கு வேர்க்கு?” பச்சை மிளகாய் என்றேன். எலுமிச்சை சாதத்தில் பச்சை மிளகாய் இல்லை. அவளுக்கும் ஏதோ தெரியுமோ?

மதியத்துக்கு மேல் சரியான பீஸையெல்லாம் ரிஜெக்ட் பெட்டியில் போட்டிருக்கிறேன். சூப்பர்வைசர் கத்தினார்.

ஜூன் 6, புதன்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் புரியவில்லை. புரிந்ததும் பூண்டை அப்படியே வைத்துவிட்டு, “நான் காலுல உழுந்தேனேடி” என்றாள். அதையே திரும்பத் திரும்ப. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. சிரித்தேன். அடித்தாள்.

நைனா நம்பவில்லை. “பல்லு வச்சிக்கினு, தலய விரிச்சிக்கினு வந்தாளே, நீயும்தான பாத்த?”

“அது கடிக்கற பல்லு நைனா.”

“காளி பல்லு என்னா வெத்தல போடவா?”

பேசிப் பயனில்லை. நாளைக்கு அவரே போய்ப் பார்த்துவிட்டு வருகிறாராம். குரங்குக் குல்லா தேடி எடுத்தார். ஜூன் மாதத்தில். குளிருது என்றார். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஒரு சந்தேகம்: நைனாவுக்கு நிஜமாகவே தெரியாதா? அத்தனை நாள் ஷூட்டிங். தினமும் பால் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

வாஷிங் பவுடர் வாங்க வேண்டும்.

ஜூன் 7, வியாழன்

செகண்ட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் நைனா திரும்பி வரும்போது வீட்டில் இருந்தேன். குல்லாவோடு உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார்.

அம்மா: “என்னா ஆச்சு?”

“நம்ம ஊட்ட பாழடஞ்ச பங்களாங்கறான். தீவாளிக்குத்தான சுண்ணாம்பு அடிச்சேன்.”

அவ்வளவுதான் அவருடைய விமர்சனம். மாடி அறையில் என்ன காட்டினார்கள் என்று அம்மா கேட்டதும் மாட்டுக்குத் தீவனம் போடப் போய்விட்டார். காது சிவந்திருந்தது. தெரியாமல்தான் கொடுத்திருக்கிறார். நேற்றைய சந்தேகத்தை வாபஸ் வாங்குகிறேன்.

பின்னாலேயே போய்க் கேட்டேன். “தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தாங்களா நைனா?”

“யாருக்குத் தெரியும்? எல்லாம் தலையில துண்டு. லைட்டு போட்டதும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்காம ஓடறான்.” தீவனத்தைக் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: “ஒனக்கு கெட்டது பண்ணிட்டேனாம்மா?”

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது. எனக்கு அவர்மேல் கோபம்தான். இந்த இடம் தட்டிப்போனால் மறுபடி கோயில், மறுபடி காபி, மறுபடி யாரோ என்னை நடக்கச் சொல்லிப் பார்ப்பது. அது மட்டுமில்லை. பி.-யை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். அம்மா படித்தால் படிக்கட்டும். கோயிலில் எல்லோரும் சம்பளம் கேட்டார்கள். அவர் மட்டும்தான், “நின்னுக்கினே வேலையா, ஒக்காந்தா?” என்று கேட்டார்.

ஜூன் 8, வெள்ளி

போஸ்டர் போய்விட்டது. மேலே வேறு படம் ஒட்டிவிட்டார்கள். பாதி நிம்மதி. சேகர் சொல்கிறான், படப்பெட்டி அடுத்து கிருஷ்ணகிரிக்குப் போகிறதாம். பி.-யின் அத்தை வீடு கிருஷ்ணகிரியில்.

சேகர் நேற்று இன்னொரு தடவை போயிருக்கிறான். ஏன் என்று கலா கேட்டாள். “கத புரியல” என்றான்.

ஷிப்டுக்குக் கிளம்பும் முன் பி. போன் செய்தார். சாப்பாடு, மழை, பஸ். பிறகு:

“உங்க வீடு பழைய வீடுங்களா?”

ஏன் கேட்கிறார்? “ஏங்க?”

“சும்மாதான். அப்பா சொன்னாரு, பழைய காலத்து வீடு, மாடி எல்லாம் இருக்கும்னு.”

அப்பாவுக்கு எப்படித் தெரியும்? நைனா கோயிலில் உளறியிருப்பார். உளறக்கூடியவர்தான்.

“நீங்க படம்லாம் பாப்பீங்களா?” என்று போட்டுப்பார்த்தேன்.

“எப்பயாச்சும்.” நிறுத்தினார். அந்த நிறுத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. “நல்ல படமா இருந்தா.”

நல்ல படமாக இருந்தால். இதில் என்ன எடுத்துக்கொள்வது? அவர் போனை வைத்தபிறகும் அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், டேபிளில் பீஸைத் திருப்புவதுபோல. எந்தப் பக்கமும் விரிசல் தெரியவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 9, சனி

லீவு போட்டேன். வெயில். வீடு முழுக்கக் கழுவினோம். கிரேட்களைச் சித்தப்பா வீட்டுக்குக் கடத்தியாயிற்று. நைனா வெள்ளை இனிஷியல் மேல் பச்சைப் பெயிண்ட் அடிக்கப் பார்த்தார். அம்மா விடவில்லை: “மார்க்கெட்டுல தொலையும்.”

மாடியில் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். பிறகு பூட்டினாள். யார் கேட்டாலும் சாவி காணோம் என்று சொல்ல வேண்டும். சாவி அவள் இடுப்பில்.

“அவங்க பாத்திருந்தா வரமாட்டாங்க இல்ல?” என்றாள்.

பார்த்திருந்தால் வந்து, கேட்கவும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கேட்டால் பார்த்ததை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே. குருசாமி அந்தத் தியேட்டருக்குள் போனேன் என்று எந்த வாயால் சொல்வார்? இந்த நினைப்பு வந்ததும்தான் கொஞ்சம் சோறு இறங்கியது.

பச்சைப் புடவையா, அரக்கா? அரக்கு சிவப்பாகத் தெரிகிறது. பச்சை.

ஜூன் 10, ஞாயிறு

வந்தார்கள். இரண்டு கார். தட்டு, பழம், வெல்லம், பூ. பி. நீலச் சட்டை. மாமா, அதாவது பி.-யின் அப்பா, நெற்றி நிறைய விபூதி, வேட்டி, நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் கிளம்பும்வரை எழுந்திருக்கவே இல்லை. முட்டி வலியாம்.

காபி கொடுக்கும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்தேன். மாமா டம்ளரை மட்டும் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, தூணைப் பார்க்கவில்லை. புது வீட்டுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். குறித்துக்கொண்டேன்.

அத்தை, பி.-யின் அம்மா, கள்ளமில்லாமல் கேட்டுவிட்டார்: “சாமி படம் எடுத்தீங்களாமே, எப்பங்க வருது?”

நைனா தொண்டையைச் செருமினார். “அது நின்னு போச்சுங்க. பணம் பத்தலையாம்.”

“ஆமா ஆமா,” என்றார் மாமா உடனே. “நெறைய படம் அப்பிடித்தான் நின்னு போவுது.”

ரொம்ப உடனே.

மாடியைப் பார்க்கலாமா என்றார் அத்தை. சாவி காணோம் என்றாள் அம்மா. “விடு, படி ஏறணும்,” என்றார் மாமா. அத்தையும் ஏறவில்லை. ஒருவரும் ஏறவில்லை. நான் படிக்கட்டுப் பக்கமே நின்றிருந்தேன், எனக்குத் தெரியும்.

அத்தை என் தலையில் பூ வைத்தார். கனகாம்பரம், மல்லிகை. கை சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் அழுகிறாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். வெள்ளிக்கிழமையிலிருந்து தூங்காதது யாருக்குத் தெரியும். கேசரி நன்றாக வந்திருந்தது. ஆவணியில் கல்யாணம்.

சாயங்காலம். பூவை இன்னும் எடுக்கவில்லை. பி. போன்.

“அப்பாவுக்கு ரொம்ப திருப்திங்க. ஒரு விஷயம் சொல்லச் சொன்னாரு. சீருக்குப் புதுக் கட்டில் எதுவும் வாங்க வேணாமாம். மாடி ரூம்ல இருக்கற தேக்குக் கட்டிலே போதுமாம். அந்த மாதிரி தேக்கு இப்பக் கெடைக்காதாம், நல்ல திடமாம்.”

“ஒரு நிமிஷம் இருங்க” என்று போனைப் பொத்திக்கொண்டு நைனாவிடம் கேட்டேன். “மாமாகிட்ட கட்டிலப் பத்தி ஏதாச்சும் சொன்னீங்களா?”

“நான் எதுக்குக் கட்டிலப் பத்திப் பேசறேன்?”

அது அம்மா சீராகக் கொண்டுவந்த கட்டில். மாடியை விட்டுக் கீழே இறங்கியதே இல்லை.

போனை எடுத்தேன். “மாமா மாடிக்கு ஏறவே இல்லீங்களே.”

அந்தப் பக்கம் டிவி ஓடுவது மட்டும் கேட்டது. ஏன் பேச்சு நின்றது? அது என்ன படம் என்று தெரியாதவருக்கு இதில் நிற்க என்ன இருக்கிறது?

“நீங்களுமா?” என்றேன்.

“போஸ்டர் மட்டும்தாங்க,” என்றார் பி. மெதுவாக. “சத்தியமா போஸ்டர் மட்டும்.”

புதுக் கட்டிலே வாங்கிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.