கிளாடெட்டின் மூக்கு

அக்டோபர் 3, புதன்

நூலகத்துப் பெத்தனி காலையிலேயே வந்துவிட்டாள், கையில் ஒரு புகைப்படத்தோடு. ஹாலோவீனுக்கு முதல்நாள் முகம் வெட்டி, உள்ளே விளக்கேற்றி நூலகப் படிகளில் அடுக்கும் நூறு பரங்கிகளில் நடுப் பரங்கியை இருபத்திரண்டு வருடமாக நான்தான் செய்கிறேன். இந்த வருடம் அதில் யார் முகம் என்று முடிவாகிவிட்டதாம்.

கிளாடெட் பூலியே.

பள்ளிக்கூடத்து முனையில் நிறுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தொரு வருடம் பிள்ளைகளைச் சாலை கடத்திவிட்டவள். இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறாள். தகுதியில்லை என்று நான் சொல்ல முடியாது.

"அவங்களுக்குச் சொல்லிடாதீங்க மிஸஸ் மிஷோ, சர்ப்ரைஸ்," என்றாள் பெத்தனி. சொல்ல வாய்ப்பே இல்லை என்றேன். ஏனென்று அவள் கேட்கவில்லை. நாங்கள் இருவரும் பேசி ஒன்பது வருடமாகிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு ஹாலோவீனுக்கு மாதா கோயில் மண்டபத்தில் கிளாடெட்டின் பரங்கிப் பூனை நின்றது. கடையில் வாங்கிய டிசைன். காது இரண்டும் கழன்று, டூத்பிக் குத்தி நிறுத்தியிருந்தாள். "ஊன்றுகோல் வெச்ச பூனை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பூனையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் உள்ளதைத்தானே சொன்னேன்? என் பரங்கி எதிலும் இதுவரை ஒரு டூத்பிக் ஏறியதில்லை.

அக்டோபர் 4

ஒத்துக்கொண்டேன். வேறு யாரிடம் கொடுத்தாலும் முகம் முகமாக வராது.

அக்டோபர் 9, செவ்வாய்

ஐந்து நாளாக அவள் முகத்தோடு குடித்தனம். புகைப்படத்தை இருட்டும் வெளிச்சமுமாகப் பிரிக்க வேண்டும். வெளிச்சம் வரவேண்டிய இடம் ஓட்டை, இருட்டு தோல். எந்தத் துண்டும் அந்தரத்தில் நிற்கக் கூடாது, ஏதாவது ஒரு கீற்று அதைப் பிடித்திருக்க வேண்டும். மூக்கின் நிழல்தான் சிக்கல். இரு கண்களுக்கும் நடுவே சுண்டுவிரல் அகலக் கீற்று ஒன்றில்தான் அது தொங்குகிறது. மூன்று முறை அழித்து வரைந்தேன்.

பெத்தனி தொலைபேசியில் கூப்பிட்டாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தை அடைத்துவிடலாமா, பார்க்க அழகாக இருக்குமே என்றாள். இருக்கும் பல்லைத்தான் வரைவேன் என்றேன். அந்தச் சந்து இல்லாவிட்டால் அது யாரோ ஒரு கிழவி.

அக்டோபர் 14, ஞாயிறு

பூசையில் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால், பக்கவாட்டில் உட்கார்ந்தேன். புகைப்படம் பொய் சொல்கிறது. மூக்கு இடப்பக்கம் வளைந்திருக்கிறது.

எனக்குத் தெரியாதா அது எப்படி வளைந்ததென்று. ஆறாம் வகுப்பு, கான்வென்ட்டுக்குப் பின்னால் உறைந்து கிடந்த குளம், பனிச்சறுக்கு. என் முழங்கை. அவள் சிஸ்டரிடம் என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மூக்கைத் திருத்தி வரைந்தேன்.

அக்டோபர் 20, சனி

பண்ணைக்குப் போய்ப் பரங்கி எடுத்தேன். நாற்பத்தேழு காய்களைத் தட்டிப் பார்த்தேன். பண்ணைக்காரர், "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்களே," என்றார். என் வீட்டுக்காரர் எமில் இருந்தபோது ஐம்பதாவது காயில்தான் திருப்தியாவேன் என்று கேலி செய்வார். மூன்று குறைந்திருக்கிறது.

அக்டோபர் 26, வெள்ளி

வழக்கம்போல இன்று ஊரே என் சமையலறையில். பதினாறு பரங்கிகளுக்கு டிசைன் பெயர்த்துக் கொடுத்தேன். தட்டைத் தாளை உருண்டையில் அப்படியே ஒட்டினால் சுருக்கம் விழும், சுற்றிலும் கத்தரித்துவிட்டு ஒட்டு என்று வருடா வருடம் சொல்கிறேன். வருடா வருடம் மறந்துவிட்டு வருகிறார்கள்.

தீயணைப்பு நார்மன் தன் தாளில் வெட்டக் கூடாத இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வந்திருந்தான். "உனக்கே உன்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். "இல்லைங்க, அதான் போட்டேன்," என்றான். எனக்குக் குறி தேவைப்பட்டதில்லை.

அக்டோபர் 28, ஞாயிறு

மூடியை மேலே வெட்டாமல் அடியில் வெட்டினேன். மேலே வெட்டினால் முகம் சீக்கிரம் தொய்ந்துவிடும். முகம் வரும் பக்கத்தை உள்ளே ஒரு அங்குல கனத்துக்குச் சுரண்டினேன். தாளை ஒட்டி, கோடு கோடாகக் குத்தூசியால் குத்தினேன். சிஸ்டர் யூஃப்ராசி பீடத் துணிக்குப் பூவேலை பெயர்க்கக் கற்றுக்கொடுத்த அதே முறை. அதே இடைவெளி, அதே ஆழம். எண்ணூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். தாளை உரித்து, மைதா மாவைத் தேய்த்துத் துடைத்தேன்.

ஆரஞ்சுத் தோலில் வெள்ளைப் புள்ளிகளாகக் கிளாடெட் என்னைப் பார்த்தாள். என் கைக்கு எழுபத்தாறு வயது என்று இதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. நன்றாக வந்திருக்கிறது. நன்றாக என்ன, இதுவரை செய்ததிலேயே இதுதான்.

அக்டோபர் 29, திங்கள்

போச்சு.

பல் முடித்தேன். கன்னம் முடித்தேன். கண்ணருகே புள்ளிகள் நெருக்கம். மாவு கொஞ்சம் உதிர்ந்திருந்தது. எந்தப் புள்ளி எந்தக் கோட்டுக்கு? நின்று யோசித்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரியும் என்று ரம்பத்தை இழுத்தேன். கீற்றுக்குக் குறுக்கே. மூக்கு உள்ளே விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கு.

நாளை மாலை விளக்கு ஏற்ற வேண்டும். வேறு காய் இல்லை. இருந்தாலும் மறுபடி எண்ணூறு குத்த இந்தக் கையால முடியாது. உண்மையை எழுதுகிறேன், முடியாது. அரைமணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். விழுந்த துண்டை நிறுத்தத் தெரிந்த கை இந்த ஊரில் ஒன்றுதான். அது யாருடையது என்று எனக்குத் தெரியும். தொலைபேசியை இரண்டு தடவை எடுத்து வைத்தேன். மூன்றாவது தடவை எண்ணைச் சுழற்றினேன்.

"உன்கிட்ட டூத்பிக் இருக்கா?"

"யார் பேசறது?" என்றாள், தெரிந்துகொண்டே.

"முரியல்."

"எத்தனை வேணும்?"

பள்ளி விட்டதும் சாலை கடத்தும்போது போடும் ஆரஞ்சு மேலங்கியோடு அப்படியே வந்தாள். மேசைமுன் நின்றாள். சர்ப்ரைஸாவது ஒன்றாவது.

"இது நானா?"

"நீதான்."

"என் மூக்கு எங்கடி?"

"உள்ள விழுந்து கெடக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையைவிட்டு மூக்கை எடுத்தாள். துவண்டிருந்தது. விறைக்கட்டும் என்று ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டு, மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். காப்பி கொடுத்தேன். பரங்கியையே பார்த்துக் குடித்தாள்.

"பல் சந்தை அடைக்கலையே நீ."

"அடைக்கத்தான் சொன்னாங்க. உன் பல்லு அப்படி இல்லையே."

"மூக்கு கோணல்னும் தெரியுது, துண்டைப் பாத்தாலே."

"யாரால கோணலாச்சுன்னு எனக்குத் தெரியும்."

அறுபத்தைந்து வருடமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "நானா விழுந்தேன்னு சிஸ்டர்கிட்ட சொன்னேன்," என்றாள். "தெரியும்," என்றேன். அவ்வளவுதான். அதற்குமேல் இருவருக்கும் பழக்கமில்லை.

டூத்பிக்கைப் பாதியாக ஒடித்து, மூக்கின் ஓரத்தில் சாய்வாகக் குத்தி, நெற்றியோடு சேர்த்து அழுத்தினாள். மூன்று. வெளியே ஒரு நுனிகூடத் தெரியவில்லை. அந்தப் பூனைக்குப் பிறகு ஒன்பது வருடம் இதைப் பழகியிருக்கிறாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறை தேடினேன். இல்லை.

அக்டோபர் 30, செவ்வாய்

ஐந்தரைக்கு ஏற்றினார்கள். நூறு பரங்கிக்கும் நடுவில் அவள். பல் சந்து, கோணல் மூக்கு, எல்லாம். பிள்ளைகள் அவள் பேரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தார்கள். கிளாடெட் வாயைப் பொத்திக்கொண்டு முதல் தடவை பார்ப்பவள்போல நின்றாள். இந்த வயதில் இப்படி ஒரு நடிப்பு.

பெத்தனி ஒலிபெருக்கியில், "இருபத்திமூணாவது வருஷமும் ஒரு டூத்பிக் இல்லாம, மிஸஸ் மிஷோ," என்றாள். கைதட்டினார்கள். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது.

அவள் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினேன். "மூக்கில் மூன்று இருக்கிறது. வெட்டிக் கெடுத்தது நான். நிறுத்தியது கிளாடெட். எங்கே இருக்கிறது என்று முடிந்தால் கண்டுபிடியுங்கள்," என்றேன்.

"ஊன்றுகோல் வெச்ச மூக்கு," என்றாள் கிளாடெட், எல்லோருக்கும் கேட்கும்படி. ஊரே சிரித்தது. நானும்தான். நார்மன் கைவிளக்கோடு மண்டியிட்டுப் பத்து நிமிடம் தேடினான். கண்டுபிடிக்கவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

பரங்கியை உரக்குழியில் போட வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கன்னம் தொய்ந்துவிட்டது. நான் அவ்வளவு கச்சிதமாக வெட்டிய பற்கள் உள்ளே மடிந்துவிட்டன. மூக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. பிடித்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு கிளாடெட் வருகிறாள். அடுத்த வருடத்துக்குப் பூனை வேண்டுமாம், காதோடு. வரைந்து வைத்துவிட்டேன். குறி போட வீட்டில் சிவப்புப் பென்சில் இல்லை. நாளை வாங்க வேண்டும்.