ஈப்போ வரை உட்கார்ந்தே நடந்தேன்

அன்பு மகள் ஷாமினிக்கு,

கிள்ளானிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும், உன் கட்டிலைப் பிடித்துக்கொண்ட பூனையும் சுகமாக இருக்கிறோம், அயர்லாந்து குளிரில் நீயும் உன் மூக்கும் சுகமாக இருக்க முருகன் பார்த்துக்கொள்ளட்டும். போனில் சொல்லாமல் ஏன் பேப்பரில் எழுதுகிறார் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரைப் போடு என்பாள். அம்மா முன்னால் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால், போர்ட் கேட்டில் சரக்கு இறக்குகிற வரிசையில் லோரியை நிறுத்தி ஸ்டியரிங் மேல் பேப்பரை வைத்துக்கொண்டு ஏன் எழுதப் போகிறேன். கிரிகரி அங்கிள் மகள் பெர்னிஸ் சனிக்கிழமை அங்கே படிப்புக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

அந்த நடைப் போட்டி விஷயம்தான். கிரிகரிக்கு ரத்தம் சுத்தம் செய்கிற டயாலிசிஸ் சென்டருக்குப் புது மெஷின் வாங்க, ஒரு மாதத்தில் நூற்று ஐம்பது கிலோமீட்டர் நடக்கிறேன் என்று கிரிகரிக்காகப் பேர் கொடுத்தேன், நீயும் உன் வார்டு நர்ஸ்களிடம் எல்லாம் சொல்லி, உங்கப்பா நடக்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறோம் என்று எழுதி வாங்கிவிட்டாய். முதல் நாள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கொடி அசைத்தார்கள். அதைப் பார்த்தே எனக்குப் பாதி வெறுத்துவிட்டது. பேச்சு ஒன்றரை மணி நேரம், நடை ஒரு மணி நேரம். முடிந்ததும் பார்த்தால் ரோடு முழுக்கத் தண்ணீர் பாட்டில், பாதி தின்ற நாசி லெமாக், சம்பல் மேல் ஈ. கிட்னிக்காக நடந்தவர்கள் லோங்காங் சாக்கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பொறுக்கலாம் என்று குனிந்தேன், முட்டி பிடித்துக்கொண்டது, நாலு பாட்டிலோடு நிமிர்ந்துவிட்டேன். நானும் பெரிய யோக்கியன் இல்லை, மேலே படி.

அதற்குப் பிறகு நடக்க நேரம் ஏது? விடியுமுன் லோரியில் ஏறினால் இறங்கும்போது பொழுது போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கேட்டரிங் சட்டியைத் தூக்க வேண்டும். காலையில் நாலைந்து நாள் நடந்தேன். நம் பின்பக்கச் சந்தில் நாய் கக்கா மிதித்தேன், காலுறையைக் கழற்றினால் அந்த நாற்றத்துக்குப் பூனையே எழுந்து போனது. இரண்டாவது வாரம் ஒரு நாள், காலடி எண்ணிப் போட்டிக்குக் கணக்கு அனுப்புகிற போனைப் பார்க்கிறேன், இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று காட்டுகிறது. அன்றைக்கு நான் கக்கூசுக்குப் போனதைத் தவிர சீட்டை விட்டு இறங்கவே இல்லை பாப்பா. சட்டைப் பையில் போன், போர்ட் ரோட்டில் குழி, அந்தக் கிழட்டு லோரி குலுக்குகிற ஒவ்வொரு குலுக்கலையும் என் காலடி என்று அது எண்ணிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லோரியும் நானும் ஒன்றுதானே லா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், நான் பட்டியலில் முதல் ஆளாக வந்தேன். அதோடு விட்டேனா, குழி இருக்கிற பக்கமாகப் பார்த்து லோரியை விட்டேன். இதை எழுதும்போதே சீ என்றிருக்கிறது.

போன புதன்கிழமை கிரிகரியை சென்டரிலிருந்து கூட்டிவரப் போனேன். சுவரில் மலேசியா மேப் ஒன்று, அதில் கிள்ளானிலிருந்து வடக்கே சிவப்பு ஊசிகள். நான் தினமும் எங்கே வந்திருக்கிறேன் என்று கணக்குப் பார்த்து ஊசி குத்தியிருக்கிறார்கள், அன்றைக்கு நூற்று ஐம்பதையும் தாண்டி ஈப்போ. நாலு மணி நேரம் ஊசியைக் கையில் ஏற்றிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கிற ஜனம், இன்றைக்கு செல்வம் தஞ்சோங் மாலிம் தாண்டிட்டாரா, தாப்பா போயிட்டாரா என்று பேசிக்கொள்ளுமாம். ஒரு ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நடக்கிறது நாங்களே நடக்கிற மாதிரி இருக்கு தம்பி என்றார். வெளியே வந்து அந்தக் கையைக் கழுவினேன். அவர் கை அழுக்கில்லை.

காரில் ஏறியதும் கிரிகரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, டேய் செல்வம், உனக்கு இன்னும் அந்தப் பழைய லோரிதானா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அந்த சீட்ல நான் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவன்டா, என் கிட்னி அதுலதான் கழண்டு விழுந்திருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை குலுக்கல்னு எனக்குத் தெரியாதா, முதல் வாரமே தெரியும் என்றான். ஏன்டா கேட்கலை என்றேன். நீயே சொல்லுவியான்னு பார்த்தேன், நாள் போகப் போக என்னாலதான் பக்கத்துல படுத்திருக்கிறவங்க மூஞ்சியைப் பார்க்க முடியலை என்றான். அதற்கு அவன் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். விடு, வழி தப்பிட்டான்னு அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன்.

போட்டி நடத்துகிற உஷாராணிக்குப் போன் செய்து என் பேரை எடுத்துவிடச் சொன்னேன். அங்கிள், உங்க போட்டோ போட்டு பேனர் அடிச்சாச்சு, நல்ல காரியத்துக்குத்தானே, யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க லா என்கிறது அந்தப் பெண். பேனரையும் அனுப்பியது. தேர்தலில் தோற்றவன் போல இளித்துக்கொண்டு நிற்கிறேன். பார்க்கவே குமட்டுகிறது. அந்தப் படத்தை எடுத்தால் சரி, இல்லாவிட்டால் நானே வந்து மேடையில் சொல்வேன் என்றேன். எடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லீவு போட்டு சென்டருக்குப் போய், எட்டு சாய்வு நாற்காலிக்கும் முன்னால் நின்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. கையைப் பிடித்த ஆன்டி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பெரியவர் மட்டும், அப்ப நெஜமா எவ்வளவு என்றார். முப்பத்தொன்று என்றேன். கிள்ளானிலிருந்து முப்பத்தொன்றுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்தான் வரும் என்று, நர்ஸைக் கூப்பிட்டு ஈப்போ ஊசியைப் பிடுங்கி அங்கே குத்தச் சொன்னார். கொடி அசைத்த இடத்திலேயே நிற்கிறேன் பாப்பா.

உன் வார்டில் ஒவ்வொருவரிடமும் நீயே நேராகச் சொல்லிவிடு. மெஷின் கோளாறு என்று எனக்காகப் பூசி மெழுகாதே, எங்கப்பா ஏமாற்றினார், இப்போது நடக்கிறார் என்று சொல். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, நூற்று ஐம்பது முடியாது, என் முட்டி இப்போதே சிரிக்கிறது. முடிந்தவரை நடப்பேன். போனை வீட்டில் வைத்துவிடுகிறேன், போகிற வழியை எல்லாம் லோரி மீட்டரில் அளந்து வைத்திருக்கிறேன், அந்த மீட்டர் குழியை எண்ணாது. நேற்று கிரிகரியும் சென்டர் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை என்னோடு வந்தான், மூன்று தடவை உட்கார்ந்தோம், அந்தத் துண்டு தூரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அம்மாவிடம் நானே இன்றைக்குச் சொல்லிவிடுவேன், அதற்குப் பிறகு என் சாப்பாடு எப்படி இருக்கும் என்று நீ யோசித்துக்கொள்.

நல்ல ஷூ போட்டுக்கொள், நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. நீ தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், என்னால் குனிந்ததையும் சேர்த்து நிமிர வேண்டும்.

பெர்னிஸிடம் இதைக் கொடுக்க அவர்கள் வீட்டுக்கு நடந்தேதான் போகிறேன், போய் வர ஆறு கிலோமீட்டர். அதனால் வார்டில் முப்பத்தொன்று என்று சொல்லாதே, முப்பத்தேழு என்று சொல்.

உன் அப்பா,
திருச்செல்வம்