தண்ணீர்ப் போத்தல் சாட்சி

அன்புள்ள மகன் வினோதனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நாங்கள் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முறைப்பாடு சொல்கிறது, சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், பிக்கப் பூரண சுகம். நீயும் சுமித்திராவும் ரொறன்ரோவில் நலம் என்பதை அம்மா தொலைபேசியை வைத்த பிறகு எனக்குச் சொல்லுவா, அதைக் கொண்டுதான் இவ்வளவு காலமும் உன் சுகம் அறிந்தேன். அப்பா ஏன் கதைக்கிறாரில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. நெல் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி ஆலைக்குப் போகும்போது பிக்கப்பின் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று நான் சொன்னதற்கு, நீ வீடியோவில் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "வாகனத்தில பிழையில்லை அப்பா, உங்கட கைதான் நடுங்குது, இனி ஓட்டாதேங்கோ, திறப்பை மாமாட்டைக் குடுங்கோ" என்றாய். பள்ளிக்கூடத்தில் என்னைத் தாண்டி வேறொருவரை அதிபராக்கியவர்கள்கூட என் கையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

உன் மாமா முத்துலிங்கம் அடுத்த நாள் விடியவே வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்து முடித்து, "திறப்பு எங்கை அத்தான்" என்று கேட்டார். நீ அப்படிச் சொல்வதற்கு முதல் அவர் செய்த பரிசோதனையைக் கேள். நெல் ஏற்றிப் பின்னால் கொழுவி இழுக்கும் ட்ரெய்லர் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் பிக்கப்பை ஏ ஒன்பது வீதியில் ஓட்டிப் பார்த்து, தொட்டில் மாதிரிப் போகுது என்று உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். பெட்டி இழுக்கும்போது வருகிற நடுக்கத்தைப் பெட்டியில்லாமல் தேடிய கெட்டிக்காரர், நீயும் அதை நம்பினாய். அம்மா திறப்பை அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டா. "நடுங்கிறது வாகனம் எண்டு எனக்குக் காட்டுங்கோ, இல்லாட்டி இந்தப் போகத்து நெல்லைத் தம்பிதான் ஏத்துவான்" என்பது அவவின் தீர்ப்பு. முத்துலிங்கத்தின் பக்கத்தில் பயணியாக இருந்துகொண்டு என் நெல்லோடு நான் ஆலைக்குப் போவதை நினைத்துப் பார்.

பௌதிகம் படிப்பித்தவன் சும்மா இருப்பானா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அரைவாசி தண்ணீர் நிரப்பிய போத்தலொன்றை ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டுநாடாவால் கட்டினேன், என் கை அதில் படாது, அம்மாவைச் சாட்சியாகப் பக்கத்தில் இருத்தினேன். பெட்டியில்லாமல் ஓடினோம், தண்ணீர் குளம் போலக் கிடந்தது. வெறும் பெட்டியைக் கொழுவி ஓடினோம், அதே குளம். முத்துலிங்கத்தைக் கொண்டு நெல் மூட்டைகளை ஏற்றுவித்து ஓடினோம், வேகம் ஐம்பதைத் தாண்டியதும் தண்ணீர் சிலிர்த்து எழும்பியது, ஆசனத்துக்குக் கீழே வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ இஞ்சேருங்கோ, உண்மைதான்" என்றா. எனக்குப் பாட்டுப் பாட வேண்டும் போலிருந்தது, பாடினேன், அவ யன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டா. கியரை எடுத்துவிட்டு உருள விட்டேன், நடுக்கம் போகவில்லை, ஆகவே எஞ்சினில்லை. மிச்சம் சில்லுகள். நெளுக்குளத்தில் டயர்க் கடை வைத்திருக்கும் நஜீமோடு எனக்குப் பழைய மனஸ்தாபம் இருப்பது உனக்குத் தெரியும், இருந்தும் போனேன். அவர் நாலையும் கழற்றிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "சேர், இந்த முறையும் நீங்க என்னைத்தான் ஏச வந்தீங்க, ஆனா சில்லு சுத்தம்" என்றார். நான் ஏசவில்லை, அவருக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் கண்டுபிடிப்பைத் தொடக்கி வைத்தவ உன் அம்மா. பாரம் ஏற்றிய வண்டியை முற்றத்தில் பக்கவாட்டாகப் பார்த்து, "என்னப்பா இது, அடைகாக்கிற கோழி மாதிரிப் பின்பக்கம் குந்திக்கொண்டு நிக்குது" என்றா. எனக்கு வெளித்துவிட்டது. முத்துலிங்கம் உழவு மெசின்காரர். வயலுக்குள் மெசின் டயர் சேற்றைப் பிடிக்க வேண்டும் என்று பெட்டியின் முன்பக்கத்தில்தான் மூட்டையை அடுக்குவார்கள், அவரும் அதே கணக்கில்தான் ஒவ்வொரு முறையும் என் பெட்டியை அடுக்கியிருக்கிறார். அந்தப் பாரம் பிக்கப்பின் பின்பக்கத்தை அமுக்க, எஞ்சின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு தன் நேரை விட்டுக் கோணி அதிர்கிறது, முன்சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங்கும் ஆடுகிறது. மூட்டைகளை இறக்கிப் பெட்டியின் சில்லுகளுக்கு மேலே வரும்படி, முன்பக்கம் கொஞ்சம் மட்டும் கூட வைத்து அடுக்கினேன், முழுதாகப் பின்னுக்குத் தள்ளினால் பெட்டி வாலாட்டும். ஆலை வரைக்கும் தண்ணீர் அசையவில்லை.

ஆனால் அதோடு விட எனக்கு மனமில்லை. அடுத்த நடைக்கு மூட்டைகளை அவருடைய முறைப்படியே அடுக்க விட்டு, முத்துலிங்கத்தை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் இருந்தேன். வேகம் ஐம்பதைத் தாண்டியதும் ஸ்டியரிங்கில் அவருடைய கை கிலுகிலுத்தது. "முத்துலிங்கம், உமக்கும் கை நடுங்குது, திறப்பை உம்மட அக்காட்டைக் குடும்" என்றேன். "அத்தான், மெசினுக்கு இப்பிடித்தான் ஏத்துறது" என்றார். இரண்டு பேரும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வயிறு நோகச் சிரித்தோம், அவரோடு நான் சிரித்தது உன் கலியாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. மன்னித்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிடாதே. திறப்பு இப்போது என் சட்டைப் பையில்.

காலையில் பால் விடாத பிளேன்ரீக் கோப்பை தட்டில் கொஞ்சம் சத்தம் போடுகிறது என்று அம்மா உனக்குச் சொல்லியிருப்பா. அது வேறு விசயம். அதற்காகப் புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதித்திருக்கிறேன், பெட்டியைக் கழற்றிவிட்டு நானே ஓட்டிப் போவேன். நீ பனி விழுவதற்கு முதல் டயரை மாற்று, சுமித்திராவை அதிகம் வேலைக்கு ஓட விடாதே, இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடும் நல்ல பிள்ளைகளோடும் வாழப் பிள்ளையாரை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு எடுக்கும்போது என் பெயரையும் ஒருதரம் கூப்பிட்டுப் பார், வருவேன் என்று சொல்லவில்லை.

இவ்வளவும் என் கையால் எழுதியது, வரிகள் நேரா என்று வேண்டுமானால் அடிமட்டம் வைத்துப் பார். ஒப்பம் மட்டும் வைக்கமாட்டேன். என் ஒப்பத்தின் முடிவில் வளைந்து வளைந்து ஓடும் ஒரு வால் உண்டு, உன் தவணை அறிக்கைகளிலெல்லாம் அது இருக்கிறது. இப்போது அதைக் கண்டால் நடுக்கம் என்பாய். அது நான் இளந்தாரியாக இருந்தபோதே வளைந்தது, இருந்தாலும் அந்தச் சந்தேகத்தை உனக்குத் தர நான் தயாரில்லை. யார் எழுதியது என்று உனக்குத் தெரியும், ஒப்பமில்லாமலே இதைத் தபாலில் போடுகிறேன்.