முள் பதினொன்றில் நின்ற மதியம்

நேற்று நாங்கள் இருக்கும் வாகட் குடியிருப்பின் வாசலில் காவல்காரர் தண்ணீர்ப் பானையைச் சுற்றி நனைந்த சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஈரச் சாக்கின் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. உம்மை நினைத்தேன்.

இந்த மடலை நானே எழுதுகிறேன், ஓய். பேத்திக்குக் கணினியில் நடக்கும் தமிழ் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் எழுத்து வந்துவிட்டது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் முடித்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்துக்கொள்கிறேன்.

ரஞ்சன்காவ் பட்டறையில் நீர் பெயின்ட் அடிப்பவர். உமது பெயின்ட் துப்பாக்கிக்காக மிஷினை ஓட்டி டேங்கில் காற்று ஏற்றுபவன் நான். எனக்கு எண் தெரியாது என்பது உமக்கு மட்டும்தான் தெரியும். அழுத்தம் காட்டும் கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தீர். "முள்ளு இதத் தொட்டதும் மிஷின நிப்பாட்டும் வே. மேல போனா பழைய டேங்கு தாங்காது" என்றீர். அது மார்கழிக் குளிர்.

சித்திரையில் கொட்டகையின் கூரைத் தகரத்தை மாற்றக் கழற்றியிருந்தார்கள். காலையில் வழக்கம்போல் பொட்டுவரை காற்றை ஏற்றி, மிஷினை நிறுத்தி, வால்வை மூடினேன். மதியம் சாப்பிட்டு வந்து பார்த்தால் வெயில் நேராக டேங்கின் மேல் விழுந்துகொண்டிருந்தது. முள் பொட்டைத் தாண்டி நின்றது. மிஷின் ஓடவில்லை. யாரும் காற்று ஏற்றவில்லை. பிறகு எப்படி ஏறியது?

இதுவரை உமக்குத் தெரிந்ததுதான். இனி வருவது தெரியாது.

நான் கத்தவில்லை. கத்தினால் சூப்பர்வைசர் எண்ணைக் கேட்பார். தெரியாது என்றால் குட்டு உடைந்துவிடும். நகர்ந்து தூணுக்குப் பின்னால் நின்றேன். அப்போதுதான் நீர் வந்தீர். டேங்கில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பெயின்டைக் கலக்கத் தொடங்கினீர். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதுகு சுட்டதும் நீரே திரும்பிப் பார்த்தீர். எல்லாரையும் வெளியே போகச் சொன்னீர். தூரத்திலிருந்து சூப்பர்வைசர் "கிதீ ஆஹே?" என்று, முள் எத்தனையில் நிற்கிறது என்று, மராத்தியில் என்னைத்தான் கேட்டார். எனக்காக நீர் பதில் சொன்னீர். துருப்பிடித்த பாதுகாப்பு வால்வு அசையவில்லை. சாக்குகளை நனைத்து ஒவ்வொன்றாக டேங்கின் மேல் போர்த்தினீர். பிறகு கை வால்வை மயிரிழை திறந்தீர். காற்று சீறியது. முள் மெல்ல இறங்கியது.

"காத்து கூடல வே, அதே காத்துதான். சூடு பட்டா விரியப் பாக்கும். இரும்பு எடம் குடுக்குமா? அதான் சுவரப் போட்டுத் தள்ளுது. குளிருல வச்ச பொட்டு, தப்பு எம்மேல" என்றீர். சிவப்புக்குக் கீழே ஒரு பச்சைப் பொட்டும் வைத்தீர், வெயில் காலத்துக்கென்று.

தப்பு உம்முடையதல்ல. போன வருடம் நீர் கண்மூடும்வரை இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வெயில் ஏறினால் இன்றும் டேங்கில் சாய்ந்த உமது முதுகுதான் கண்ணில் வருகிறது.

முள் நின்ற இடமும் மறக்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெட்டைக் கோடுகள். வகுப்பில் எண்கள் வந்த அன்று அது என்னவென்று தெரிந்தது. அன்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டதற்கு இன்று நானே சொல்கிறேன்.

பதினொன்று, ஓய். பதினொன்று.