கம்பளி வீரனின் அம்மா விழவில்லை

பிரபஞ்சத்தின் எட்டாவது மூலையில் இந்நேரம் யார் வீட்டுக்காவது கேபிள் இழுத்துக்கொண்டிருக்கும் என் நண்பனுக்கு,

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்த மடலில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. சாமுண்டி மலை உச்சியில் நின்று, ஈரத் துணியோடு, கற்பூரத்தை அணைத்துச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். கதையில் பாதி உன்னுடையது, நீயே நம்பமாட்டாய். எழுதுகிற எனக்கே இரண்டு இடங்களில் சந்தேகம் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என் வீட்டுக் கூடத்திலேயே உன்னைப் பொய்யன் என்று நிரூபிக்க ஒரு சதி நடந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை மகள் ரம்யா வந்தாள். அந்த நாளில் நீ பார்த்தபோது பல் விழுந்த வாயோடு திரிந்த பெண். இப்போது ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய உத்தியோகம். லீவு நாளில் தூங்கலாம் அல்லவா, தூங்கமாட்டாள். ஊர் பேர் தெரியாத நாடுகளில், யாருக்கும் தெரியாத சூப்பர் ஹீரோக்கள் வந்த பழைய படங்களையும் தொடர்களையும் தோண்டியெடுத்து, அவர்களைப் பற்றி வீடியோ செய்து போடுகிறாள். அதற்கும் ஆள் கூடுகிறது. அவள் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

திரை முழுக்கப் பனி. பனிக்கு நடுவில் ஒரு ஆள். தலை முதல் கழுத்து வரை கையால் பின்னிய கம்பளி முகமூடி. இடது கண்ணுக்கு விட்ட ஓட்டை பெரிது, வலது கண்ணுக்குச் சின்னது. மார்பில் எந்த மொழி என்றே தெரியாத ஒற்றை எழுத்து.

என் கையிலிருந்த காபி டம்ளர் விழுந்தது. அந்தச் சத்தத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையில் புறாக்கள் பறந்திருக்கும்.

"நம்மாளு," என்றேன்.

"யாரு மாமா?"

"கம்பளி வீரன். ஹனூர்க்காரன்."

"மாமா, இது ஏதோ பனி நாட்டுப் படம். ஹனூர் எல்லிந்த பந்த்து?" ஹனூர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். அவளுக்குத் தமிழ் பாதி வாக்கியம் வரை வரும், மீதியைக் கன்னடம் வந்து தூக்கிக்கொண்டு போகும்.

எங்கிருந்து வந்தது? உன் வாயிலிருந்து வந்தது.

அவளுக்கு உன்னைப் பற்றிச் சொன்னேன். வாரத்தில் ஆறு நாள் நாம் இருவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஹெப்பாளுக்குப் போய், ஒரே வரிசை மெஷினில் நின்ற தொழிலாளிகள். ஏழாவது நாள் நீ சக்கரவர்த்தி. நம் தெருவுக்கும் அடுத்த இரண்டு தெருவுக்கும் கேபிள் உன்னுடையது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அறைதான் அரண்மனை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு மேசை, சின்ன டி.வி., சி.டி. பிளேயர், ஒரு மைக். ஸ்டூலில் நீ உட்கார்ந்தால் நான் சுவரோடு ஒட்டித்தான் நிற்கவேண்டும். அங்கிருந்து நீ ஆண்ட நிலப்பரப்பு, வடக்கே இமயம் வரை இல்லாவிட்டாலும் வாட்டர் டேங்க் வரை நிச்சயம் உண்டு.

பெயர் பெற்ற ஹீரோக்கள் உனக்கு ஆகாது. "அவனுங்களுக்கு ஊரு இருக்குது, பேரு இருக்குது, நாம எதுக்கு மாப்ள?" என்பாய். பெங்களூர் நடைபாதையில் சாக்கோடு வாங்கி வந்த சி.டி.க்கள்தான் உன் பொக்கிஷம். ஒன்றில் பித்தளை முகமூடி போட்ட கிழவர் கொட்டாவி விட்டே எதிரிகளைத் தூங்கவைப்பார். இன்னொன்றில் ஒரு பெண் தன் இரட்டைச் சடையால் சரக்கு ரயிலைக் கட்டி இழுப்பாள். எந்த நாடு, என்ன மொழி, ஒரு தகவலும் கிடையாது. அப்படிப்பட்ட அநாதை வீரர்களுக்கெல்லாம் நீ பெயர் வைத்தாய், ஊர் கொடுத்தாய். பித்தளைக் கிழவர் சாமராஜநகர். சடைக்காரி கொள்ளேகால் பட்டு மில்லில் வேலை பார்த்தவள்.

அப்புறம் அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர்ச் சண்டை வந்தது. வழக்கம்போலத் தமிழ்ச் சேனல்கள் திரையிலிருந்து காணாமல் போயின. கேபிளில் தமிழ்ப் படம் போட்டால் ஒயரை அறுப்போம் என்று வாட்டர் டேங்க் பக்கத்துப் பையன்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கட்டட வேலைக்குப் போய் வந்து, கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு வார்த்தை தமிழ் கேட்க நினைத்த ஜனங்கள் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்று நான் சொன்னேன். நீ மைக்கின் தூசியைத் துடைத்தாய்.

"தமிழ்ப் படந்தான மாப்ள போடக்கூடாது? இது ஃபாரின் படம். சத்தத்த நிறுத்திட்டு நான் பேசறேன். நம்ம வாய்க்கு யாரு ஒயரு இழுத்தாங்க, அறுக்கறதுக்கு?"

அன்று போட்டதுதான் கம்பளி வீரன். சத்தங்களுக்கு நான் பொறுப்பு. எவர்சில்வர் தட்டு இடி, ஈரத் துணியைத் தரையில் அடித்தால் குத்து, வீரன் பறக்கும்போது ஸ்டவ்வில் வைத்த குக்கர் விசில். குக்கருக்கு நம் கதை தெரியாததால், வீரன் சும்மா தெருவில் நடக்கும்போதும் இரண்டு முறை பறக்கவேண்டி வந்தது. நம் ஒலிபரப்பைக் கேட்கக் கூடியவர்கள் நாலாயிரம் பேர். சந்தேகமிருந்தால் ஐயாயிரம் என்று வைத்துக்கொள். கொள்ளேகால் பஸ் நம் முனையில் நின்று, டிரைவர் இறங்கி, டி.வி. ஓடிய ஒரு வீட்டு ஜன்னலைப் பிடித்துத் தொங்கினார். அரண்மனை யானைகளில் ஒன்று அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்தது, வந்ததுதான், போகவில்லை.

படத்தின் கதையை நீ அமைத்த அழகை என்ன சொல்வேன். ஊரின் கேஸ் சிலிண்டர்களையெல்லாம் ஒரு கூட்டம் திருடிவிடுகிறது. ஊர் குளிரில் விறைக்கிறது. வீரன் கிளம்புகிறான். தமிழில்தான் பேசினான். பத்து நிமிஷம் கூட ஆகவில்லை, அறையின் கதவு திறந்தது.

மஞ்சண்ணா. வாட்டர் டேங்க் பக்கம் ஜிம் வைத்திருந்தவன், அந்தப் பையன்களுக்குத் தலைவன். அவன் தோள் கதவுக்குள் நுழைய, நிலைச்சட்டம் இரண்டு அங்குலம் ஒதுங்கிக்கொண்டது. கையில் ஒயர் அறுக்கும் கட்டிங் பிளேயர். பின்னால் இன்னும் இரண்டு பேர். நான் குக்கரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சூடு தெரியவில்லை. மறுநாள் தெரிந்தது.

"தமிளு பிக்சர் ஹாக்பார்து அந்த ஹேள்ளில்வா?" தமிழ்ப் படம் போடக்கூடாது என்று சொல்லவில்லையா என்கிறான். உடம்பு அரண்மனைத் தூண், குரல் மட்டும் புல்லாங்குழல்.

நீ எழுந்திருக்கவே இல்லை. மைக்கைக் கையால் பொத்தி, உன் கன்னடத்தில் நிதானமாக விளக்கம் கொடுத்தாய். இது வெளிநாட்டுப் படம். ஹீரோ முகமூடி போட்டு ஊருக்குள் இறங்கினால் கன்னடம்தான் பேசுவான். முகமூடியைக் கழற்றி வீட்டுக்குள் போனால் அம்மாவிடம் தமிழ் பேசுவான். சூப்பர் ஹீரோ என்றால் வெளியே ஒரு ஆள், உள்ளே ஒரு ஆள், உலகம் முழுக்க அதுதான் வழக்கம்.

"நம்ம தெருல எல்லாரும் அப்புடித்தானுங்ணா," என்று நான் சேர்த்தேன். உயிர் போகிற நேரத்தில்தான் எனக்கு இப்படி உண்மை வரும்.

மஞ்சண்ணா கையிலிருந்த கட்டிங் பிளேயரின் வாயைத் திறந்து மூடி, திறந்து மூடினான். "மாத்தாடு. கேள்தீனி," என்றான். பேசு, கேட்கிறேன்.

இங்கேதான் வந்தது ஆபத்து. உன் கன்னடம் எனக்குத் தெரியும். பாதி கம்பெனிச் சுவரிலிருந்த எச்சரிக்கைப் பலகைகளில் படித்தது, மீதி பஸ் கண்டக்டர்களிடம் கேட்டது. திரையில் வீரன் வில்லனின் படைக்கு முன்னால் கையை விரித்து நிற்கிறான். நீ கம்பீரமாகக் கன்னடத்தில் முழங்கினாய்: "அனுமதியின்றி உள்ளே நுழையக்கூடாது. கையுறை அணியாமல் இயந்திரத்தைத் தொடக்கூடாது." படை ஓடத் தொடங்கியதும் அவர்களைத் துரத்தியபடியே, "முந்தே ஹோகி, முந்தே ஹோகி," என்றான் வீரன். முன்னால் போங்கள், முன்னால் போங்கள்.

மஞ்சண்ணாவின் முகம் சிவந்தது. போச்சு, ஒயர் போச்சு, நீயும் போனாய் என்று நினைத்தேன். அந்த ஒயர் போனால் உனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அவன் குனிந்து உன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"ஏனப்பா இது? ஹீரோ மரியாதெ ஹோய்த்து. பிடு, நானே மாத்தாட்தீனி."

ஹீரோவின் மரியாதை போய்விட்டதாம். விடு, நானே பேசுகிறேன் என்கிறான். தமிழ் பேசியதற்கு வந்தவன், கன்னடம் பேசியதைத் தாங்காமல் தொழிலில் இறங்கிவிட்டான். அன்று முதல் கம்பளி வீரனுக்குப் புல்லாங்குழல் குரல். ஆனால் என்ன கன்னடம். வில்லனே கைதட்டியிருப்பான்.

அடுத்த காட்சியில் வீரன் ஒரு சின்ன வீட்டுக்குள் போகிறான். ஒரு வயதான அம்மாள் கிண்ணத்தில் எதையோ கொண்டுவந்து வைக்கிறாள். முகமூடியைக் கழற்றியாயிற்று, இனித் தமிழ். ஆனால் மைக் மஞ்சண்ணாவின் கையில், அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. நீ அவன் மணிக்கட்டைப் பிடித்து மைக்கை உன் பக்கம் சாய்த்து, பெண் குரலில் கேட்டாய்: "ஏங்கண்ணு இவ்ளோ நேரம்? சோறு ஆறிப் போச்சு பாரு. ரசத்தக் குடி."

மைக் அவன் பக்கம் சாய்ந்தது. கொஞ்சம் தயங்கினான். "கெலஸ இத்தம்மா," என்றான். வேலை இருந்ததம்மா.

அம்மா தமிழில் கேட்கிறாள், மகன் கன்னடத்தில் பதில் சொல்கிறான். ஒருத்தருக்கும் விசித்திரமாகப் படவில்லை, ஏனென்றால் நம் தெருவில் எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு அதுதான். ரசத்தைக் குடித்த வீரன் அப்படியே மேசையில் சாய்ந்தான். "பாவம், மூணு நாளாத் தூங்கல புள்ள," என்றாய். தூங்குகிறவனை எதிரிகள் வந்து கட்டினார்கள். "கோழப் பசங்க," என்றாய். கடைசியில் உயரமான கோபுரத்தின் மேல் எல்லோரும் திரள, கைகலப்பில் அந்த அம்மாள் விளிம்பைத் தாண்டிக் காற்றில் போனாள். நான் எதற்கும் இருக்கட்டுமென்று குக்கரைக் கையில் எடுத்தேன். அது தானாக விசில் அடித்தது. "மகனக் காப்பாத்த அம்மாவும் பறக்கறாங்க. சக்தி அவனுக்கு அவங்க குடுத்ததுதான்," என்றாய் நீ. தெருவில் எழுந்த கைதட்டலில் கிருஷ்ணராஜ சாகர் அணையில் நீர்மட்டம் ஓரடி உயர்ந்தது. தண்ணீர்ச் சண்டை அத்தோடு தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் ஒயரை யாரும் அறுக்கவில்லை. சண்டை அடங்கும் வரை ஞாயிறு தவறாமல் மஞ்சண்ணா வந்தான், ஏதோ ஒரு நாட்டு வீரனுக்குக் கன்னடம் பேசினான்.

இதையெல்லாம் கேட்டு ரம்யா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, லேப்டாப்பைத் தட்டினாள். அவளிடம் இருப்பது கீழே எழுத்து ஓடும் பதிப்பு, வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் போட்டிருக்கிறது.

"மாமா, அவ அம்மா இல்ல. அவதான் மெயின் வில்லி. சூப்ல விஷம் கலக்கறா. கடைசில ஹீரோவே அவள டவர்லிருந்து தள்ளிட்டான். செத்துப் போறா. நோடி, இல்லே பரெதிதாரே."

இதோ எழுதியிருக்கிறார்களே, பாருங்கள் என்கிறாள். பார்த்தேன். எழுதியிருந்தது. உன் கதையை அவள் வீடியோவின் கடைசியில் வேடிக்கைக்காகச் சேர்க்கப்போகிறாளாம், ஒரு தெரு முழுக்கத் தப்பாகப் பார்த்த படம் என்று.

"யாரு தப்பாப் பாத்தது?" என்றேன். "எடுத்தவன் தப்பா எடுத்திருக்கான், கண்ணு."

"மாமா, படம் எடுத்தவங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க ஒரு ஊருக்கு எடுத்தாங்க. உங்க மாமனோட சிநேகிதன் ஒயரு அறுக்க வந்தவனையும் உக்கார வெச்சான். எது பெரிய படம்?"

அவள் வாதம் செய்தாள். நானும் செய்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் இன்னும் நாலு பொய் சேர்த்து என்னைக் காப்பாற்றியிருப்பாய். தனியாகத்தான் நின்றேன். எந்த நாட்டு எழுத்தை அடியில் ஓட்டினாலும், அந்த இயக்குநரே பனியோடு வந்து என் வாசலில் நின்றாலும், என் பதில் ஒன்றுதான். அவள் அம்மா. கிண்ணத்தில் இருந்தது ரசம். அவள் விழவில்லை, பறந்தாள். வீடியோவில் போடுவதானால் இதையும் போடு, இல்லாவிட்டால் எங்கள் தெருவைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். ரம்யா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சரி மாமா, எரடூ ஹாக்தீனி," என்றாள். இரண்டையும் போடுகிறாளாம்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னைப் போல ஒருவன் எதிரில் இல்லாததால் பொய் சொல்வதில்கூடப் பழைய ருசி இல்லை. ஆகவே இன்று ஒரே ஒருமுறை யோக்கியனாக இருந்து பார்க்கிறேன். நாலாயிரம் பேர் இல்லை, நாற்பது இருந்தால் அதிகம். பஸ் நிற்கவில்லை. யானை வரவில்லை. அணையில் தண்ணீர் ஏறியதற்கு மழை காரணம். விசில் அடித்ததே குக்கர் இல்லை, என் வாய்.

ஆனால் ஒன்று நடந்தது. என் விசில் ஓய்ந்ததும் மஞ்சண்ணா மைக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, வெளியே யாருக்கும் கேட்காதபடி, முதல்முறையாக உன்னை அண்ணா என்று கூப்பிட்டு, "அண்ணா, தாயி பித்புட்ரா?" என்று கேட்டான். அம்மா விழுந்துவிட்டாளா என்று. அவனும் நம்மோடு உட்கார்ந்து அதே திரையைத்தான் பார்த்திருந்தான். நீ அவன் முகத்தைப் பார்த்து, உனக்குத் தெரிந்த நல்ல கன்னடத்தில், இல்லை தம்பி, பறந்துதான் போனாள் என்றாய். அவன் தலையாட்டினான். இந்த மடலில் அது மட்டும் உண்மை.