மிளகாய்க்குப் பின் அரைத்த மருந்து

கும்மிடிப்பூண்டி,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

மகள் சம்பூர்ணத்துக்கு உன் நைனா எழுதுவது. பெரியபாளையத்து அம்மன் உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் சௌக்கியம். மூவரில் யாருக்கு அதிக சௌக்கியம் என்று கேட்டால் மாட்டைத்தான் சொல்ல வேண்டும், அதற்குத் தோள்வலி கிடையாது, உன் அம்மாவிடம் பேச்சு வாங்குவதும் கிடையாது. உன் சௌக்கியத்தையும் மாப்பிள்ளை குப்புராஜ் சௌக்கியத்தையும் அவருடைய மீசையின் சௌக்கியத்தையும் விவரமாக எழுது. என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே. நாலாவதோடு நின்றவன் கை, அதிலும் இந்த வாரம் உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கை, பேனாவைக் கொடுத்தால் இதையும் குத்தவா என்று கேட்கிறது.

உன் கடுதாசியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ரயில்வே ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்லபடியாகப் பார்க்கிறாள், பங்குனிக் கடைசியில் பிரசவம் ஆகும் என்றாள், கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில் ஓரத்தில் பொடியாக, அம்மா வரவே மாட்டாளா நைனா என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் முறத்தை இழுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். அது ஏற்கெனவே பொறுக்கி வைத்த அரிசி. நான் அதைச் சொல்லவில்லை, எனக்கும் எப்போதாவது புத்தி வரும்.

அவள் கோபம் உனக்குத் தெரிந்ததுதான். தலைப்பிரசவத்துக்கு உன்னைக் கூட்டி வர நான் தை மாதம் கரக்பூர் வரைக்கும் வந்து, இந்த உடம்போடு ரயில் ஏற்றக் கூடாது என்று டாக்டரம்மா சொல்ல, உன் மாமியாரும் அதையே பிடித்துக்கொள்ள, தனியாகத் திரும்பி வந்தேன் அல்லவா. வந்ததும் அவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள், தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்தாள். டாக்டர் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. மாமியார்க்காரிதான் அனுப்பவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெரியபாளையம் போய் வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த ஊட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன் தாயே என்று அம்மன் முன்னால் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பக்கத்தில் நான் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன், தடுக்கிறதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அவளையும் குற்றம் சொல்ல முடியவில்லையம்மா. உன் சின்னம்மாவைப் பிரசவத்துக்குப் புருஷன் வீட்டிலேயே விட்டுவிட்டுச் சாவுச் செய்தி மட்டும் வாங்கிக்கொண்டவள் அவள். அந்தப் பயம்தான் கோபமாக மாறி நிற்கிறது, நான் தூங்கும்போதுகூட அது உட்கார்ந்துகொண்டு இருக்கிறது.

சரி, போகத்தான் மாட்டாள், மருந்தாவது போகட்டும் என்று முடிவு செய்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வெல்லத்தில் உருட்டிக் கொடுக்கும் மருந்துப்பொடியைத்தான் சொல்கிறேன். உன் மாமியார் ஊரில் அதெல்லாம் செய்யத் தெரியாது என்பது அவள் கட்சி. நம் தெரு துளசிராமன் லீவில் வந்திருக்கிறான், வருகிற புதன்கிழமை கரக்பூருக்குத் திரும்புகிறான், மாப்பிள்ளையோடு ஒரே ஒர்க்‌ஷாப்தான், அவன் கையில் டப்பாவைக் கொடுத்தனுப்பலாம் என்று ஏற்பாடு. அசன் முகைதீன் பாய் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் வாங்கிவந்து முற்றத்தில் காய வைத்தோம். எல்லாம் ஒரே சட்டியில் போட்டு வறுக்கலாம் என்றால் கேட்பாளா. ஓமம் சீக்கிரம் கருகும், மிளகுக்கு நேரம் ஆகும், திப்பிலிக்குச் சட்டிச் சூடே போதும் என்று ஒவ்வொன்றாக வறுத்து ஒவ்வொன்றாக ஆற வைத்தாள். அடுப்பு நெருப்பில் அவள் முகம் வெந்து போயிற்று. இடிக்கிற வேலைதான் நின்றது. அவளுக்கு வலது மணிக்கட்டு வீங்கி உலக்கை தூக்க முடியவில்லை. வீட்டில் வேறு ஆள் யார், இந்தக் கிழவன்தான்.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உரல் முன்னால் நின்றதைப் பார்க்க எதிர்வீட்டுப் பெண்கள் எல்லாம் வேலையை விட்டு வந்தார்கள். கிழவனார் மாசமா இருக்காரா என்று ஒருத்தி கேட்டாள். ஆமாம், உன் கையாலதான் மருந்து உருட்டித் தரணும் என்றேன். பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லை, உலக்கைக்குத்தான் குறைவு. சுக்கு இருக்கிறதே, அது சனியன். குத்தினால் தூளாகாமல் நாராக நிற்கிறது. சல்லடையில் சலித்தால் பாதி மேலேயே தங்குகிறது, அதை மறுபடி உரலில் போட்டுக் குத்த வேண்டும், மறுபடி சலிக்க வேண்டும். அதற்கப்புறம் மெல்லிசுத் துணியில் வேறு சலிக்க வேண்டுமாம். ஒரு காலை முழுக்கக் குத்தியும் அடியில் சேர்ந்தது ஒரு கை அளவுதான். தோள்பட்டை தனியாகக் கழன்று வந்துவிடும் போல இருந்தது. அன்று மத்தியானம் உன் அம்மா விறகு வாங்கப் போன நேரம் பார்த்து, குத்தாத சாமான் எல்லாவற்றையும், குத்திய பொடியையும் சேர்த்து, ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் புதிதாக வந்திருக்கிற மாவு மிஷினுக்கு நடந்துவிட்டேன்.

அங்கே நல்ல கூட்டம். அரிசி, கேழ்வரகு, சீயக்காய் என்று ஆளாளுக்குக் கூடையோடு நிற்கிறார்கள். பக்கத்துத் தெரு ஜெய்னம்பு ஒரு கல்யாண வீட்டு மிளகாய் மூட்டையை அரைத்து முடித்து அப்போதுதான் அள்ளிக்கொண்டு போகிறாள். நான் கடைசியில் போய் நின்றேன். முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்து, பெரியவரே, நீங்க முன்னால போங்க, வயசான காலத்துல எவ்ளோ நேரம் நின்னுகினு இருப்பீங்க என்று வழி விட்டார்கள். கூடைகளைக்கூட நகர்த்தி வைத்தார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த ஊரில் இன்னும் மரியாதை இருக்கிறது என்று மிஷின்காரன் குப்பனிடம் சொல்லிக்கொண்டே தூக்கைக் கவிழ்த்தேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். இன்னா தாத்தா, மொளகாக்கு அடுத்து இதையா போடறது என்று அவன் வாயைத் திறப்பதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. மிளகாய் அரைத்த கல்லில் அடுத்துப் போகிறவனுக்கு மிளகாயும் சேர்ந்துதான் வரும் என்பது அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒருத்தியும் முன்னால் போகாமல் நின்றிருக்கிறாள். கல்லைக் கழுவ ஒரு கிழவன் கிடைத்தான். ஊரையே கிண்டல் பண்ணி வயிறு வளர்த்தவனை நாலு பொம்பிளைகள் ஒரு வார்த்தை மரியாதையாகப் பேசியே கவிழ்த்துவிட்டார்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தும்மல். வேப்பமரத்தடியில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் சிவப்பாக இருந்தால் என்ன, பிள்ளையும் சிவப்பாகப் பிறக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் அம்மா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. எந்த உரல்லய்யா இடிச்ச என்றாள். நம்ம உரல்தான் என்றேன். உரலு மொளகா தின்னுச்சா என்றாள். அதற்கு மேல் திட்டுவாள், கையில் இருப்பதைத் தூக்கி அடிப்பாள் என்று நான் தயாராக நின்றேன். அடிக்கவில்லை. உரல் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து, “மருந்துகூட எம் பொண்ணுக்குப் போய்ச் சேரக் கூடாதுன்னு எழுதியிருக்குதா” என்று சொல்லி அழுதாள். நான் தனியாகத் திரும்பி வந்த அன்றைக்கும் அவள் அழவில்லை, அம்மன் முன்னாலும் அழவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அப்போதுதான்.

வெயில் தாழ்வதற்குள் பாய் கடைக்கு ஓடினேன். எல்லா சாமானும் மறுபடி வாங்கி வந்தேன். மறுநாள் மறுபடி காய வைத்து, மறுபடி ஒவ்வொன்றாக வறுத்து, நேற்று விடிந்ததும் உலக்கையைப் பிடித்தேன். அவள் சல்லடையோடு எதிரில் உட்கார்ந்தாள். வயதாகிவிட்டதம்மா, நாலு குத்துக் குத்தினால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அவளும் ஒரு கையால் சலித்து, மற்ற கையை மடியில் போட்டுக்கொள்கிறாள். எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறாது. பாதி சுக்கு பொடியாவதற்குள் வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. அப்போது அவள் கையை உரல் வாயில் வைத்து மறித்தாள். இடிச்சது போதும் என்றாள். ஏன், இன்னும் நார் நிக்குதே என்றேன். பொடிச்சு டப்பால அடைச்சு அவ்ளோ தூரம் ரயில்ல போனா வாசனை போயிடும், பிள்ளை பொறக்கறப்போ அங்கயே அப்பப்போ இடிச்சாதான் வேலை செய்யும் என்றாள். அங்க யாரு இடிப்பா, உன் சம்பந்தியா என்று கேட்டேன். சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். சல்லடையில் ஒன்றும் இல்லை. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். தலை நிமிராமல் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தை நான் சேர்க்கவில்லை.

“வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதான் அம்மன்கிட்ட சொன்னேன். தோட்டத்துப் பக்கமா வர மாட்டேன்னு சொல்லல. நீதான் போய்ப் பாத்துகினு வந்தியே, அந்த ஊட்டுக்குப் பின்னால கதவு இருக்குதா, இல்லியா?”

இருக்குது, பெரிய கதவு என்றேன். உண்மையில் எனக்கு ஞாபகமே இல்லையம்மா. நான் வந்த அன்று உன் மாமியார் கொடுத்த காப்பியையும் உன் வயிற்றையும்தான் பார்த்தேன், கதவை யார் பார்த்தார்கள். அதனால் இந்தக் கடுதாசி கிடைத்ததும் முதல் வேலையாகப் பின்பக்கம் போய்ப் பார். கதவு இருந்தால் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வை. இல்லையென்றால் மாப்பிள்ளையை விட்டுச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடிக்கச் சொல், ரயில்வே சுவர்தானே, கேட்டால் இன்ஜின் மோதியது என்று சொல்லட்டும். புதன்கிழமை சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறுகிறாள். துளசிராமன் கூட வருகிறான், அவளை அலுங்காமல் கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். வறுத்த சாமான் எல்லாம் துணி மூட்டையில் தனித்தனியாக முடிச்சுப் போட்டு வருகிறது. உரல் ஒன்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் யாரிடமாவது இரவல் வாங்கித் தோட்டத்தில் போட்டு வை. அவள் இடிக்கப் போகிறேன் என்று உலக்கையைத் தூக்கினால் விடாதே, மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. சலிக்கிறதும் உருட்டுகிறதும் அவள் வேலை, இடிக்கிறது மாப்பிள்ளை வேலை. சம்மட்டி பிடிக்கிற கைதானே, சுக்கிடம் கொஞ்சம் மோதிப் பார்க்கட்டும், அப்போதுதான் மாமனார் எப்படிப்பட்ட ஆள் என்று தெரியும்.

அவள் வந்தால் ஏன் இப்போது வந்தாய் என்று கேட்காதே. உன் மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லி வை, வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்று வாங்க சம்பந்தி என்று கூப்பிட வேண்டாம், தோட்டத்தில் வந்து கூப்பிடட்டும். அந்த அம்மாளும் கெட்டவள் இல்லை, டாக்டர் சொன்னதைத்தான் சொன்னாள், அதை நான் இங்கே வாய்விட்டுச் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது. இனிமேல் எப்படியும் கிடைக்காது. நானும் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், மாட்டை யார் பாத்துக்கறது என்றாள். மாடு என்னைப் பார்த்துக்கொள்ளும் என்றேன், சிரிக்கவில்லை. ஓட்டலில் நாஷ்டா, மத்தியானம் கஞ்சி என்று ஓட்டிக்கொள்கிறேன். வீண்போன அந்த மிளகாய் மருந்து வேறு ஒரு டப்பா நிறைய இருக்கிறது, கருவாட்டுக் குழம்பில் போட்டுச் சாப்பிடுகிறேன், பிள்ளை பெற்ற மாதிரி உடம்பு தேறினாலும் தேறும். என்னைப் பற்றிப் பேஜாராகாதே.

காலைத் தொங்கப் போட்டு உட்காராதே. தண்ணீர்க் குடம் தூக்காதே. அம்மா கொடுக்கும் உருண்டையைச் சின்னப்பிள்ளையில் செய்த மாதிரி கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அவள் அந்தண்டை போனதும் துப்பாதே, அதற்காக இந்த வீட்டில் ரெண்டு பேருக்குக் கை போயிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வரப்போகிற குட்டியும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும் என்று உன் நைனா ஆசீர்வாதம் செய்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
ஆதிநாராயணன்.

மறந்துவிட்டேன், பிரசவம் ஆனதும் துளசிராமனை விட்டுத் தந்தி அடிக்கச் சொல். ஆணா பெண்ணா என்பதெல்லாம் கடுதாசியில் வந்தால் போதும். தந்தியில் நீ எழுந்து உட்கார்ந்தாய் என்று மட்டும் இருக்கட்டும்.