மூக்கில் விட்ட இரண்டு சொட்டு

அண்ணா,

இன்று காலை பெருநகர் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் யாரோ ஆட்டுத்தலையை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மயிர் பொசுங்கும் நாற்றம் மூக்கில் ஏறியதுமே நீ வந்துவிட்டாய். வந்தவன் இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கறிக்கடையில் தலையை வாட்டித்தான் விற்பாய். என் ஆய்வகத்துக்கோ வாட்டாத மூக்கு வேண்டும். தீ பட்டால் உள்ளே இருக்கும் சவ்வு சோதனைக்கு உதவாது. ஞாயிறுதோறும் முதல் ஆட்டின் மூக்கை அறுத்து எனக்காக ஐஸ் பெட்டியில் எடுத்து வைப்பாய். "மூக்கில்லாத தலைய எவன்டா வாங்குவான்? உன்னால பேஜாராப் போச்சு" என்று திட்டுவாய். அடுத்த ஞாயிறும் எடுத்து வைப்பாய்.

இதை வைத்து என்னதான் செய்கிறாய் என்று ஒருநாள் கேட்டாய். குளிரில் தண்ணீராக இருக்கும் மருந்து மூக்கின் சூடு பட்டதும் ஜெல்லாகக் கெட்டிப்பட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூளைக்குப் போகும், நடுக்குவாதத்துக்கான மருந்து என்றேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த உன் வலது கையைப் பார்த்தாய். அந்த நோய் உனக்கு வந்து அப்போது மூன்று வருடம்.

அன்றிலிருந்து நீ விடவில்லை. "எனுக்கு ரெண்டு சொட்டு ஊத்துடா. ஆட்டு மூக்குக்கு ஊத்துற, அண்ணன் மூக்கு ஆவாதா?"

மனிதருக்குக் கொடுக்க அனுமதியில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கவில்லை. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. உன் வாயை அடைக்க, மருந்தே கலக்காத வெறும் ஜெல்லை ஒரு குப்பியில் கொண்டுவந்து கொடுத்தேன். "டாக்டர் குடுத்த நடுக்க மாத்திரைய மட்டும் வுட்டுடாத" என்று நல்லவன் மாதிரி சொல்லிவிட்டும் போனேன்.

அடுத்த ஞாயிறு என் முன்னால் கறி வெட்டிக் காட்டினாய். நடுக்கம் உண்மையிலேயே குறைந்திருந்தது. "பாத்தியா? கை இன்னா மாதிரி நிக்குது!" நம்பிக்கை செய்த வேலை என்று எனக்குத் தெரியும். ஆய்வகத்துக்குப் போய், நீ கை நீட்டிக் காட்டியதை நண்பர்களிடம் நடித்துக் காட்டினேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டு வாரத்தில் உன் உடம்பு விறைத்துப்போனது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரையை எப்போது நிறுத்தினார்? திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும்" என்று கேட்டபோது அண்ணி திருதிருவென்று விழித்தாள். மூன்றாம் நாள் நீ இல்லை.

காரியம் முடிந்த அன்று உன் மகள் என்னைத் தனியே அழைத்தாள். "கை நின்னதும் அப்பா மாத்திரைய வுட்டுட்டாரு சித்தப்பா. அதையும் சாப்ட்டுக்கினு இருந்தா, மாத்திரையாலதான் நல்லாச்சுன்னு சொல்லுவாங்களாம். என் தம்பி மருந்துதான் கொணமாக்குச்சுன்னு ஊரே சொல்லணும்னாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

அண்ணி இப்போதும் என்னைப் பார்த்தால், "உன் மருந்தாலதான் தம்பி, கடசியா நாலு நாளாவது கை நடுங்காம சோறு துன்னாரு" என்று கண் கலங்குகிறாள். நான் தலையாட்டுகிறேன்.

அந்தக் குப்பியில் மருந்து இல்லை, அண்ணா. நம் வீட்டில் இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. செத்துப்போன உன்னிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இருக்கிறது.